அக்கரைச் சீமையின் அஞ்சல் ஆணைகள் – ஒரு வரலாற்றுப் பார்வை

 

வரவு செலவுக் கணக்கைப் படித்து முடித்து இந்தப் பக்கத்திற்கு வருவோருக்கு, மீண்டும் பணத்தைப் பற்றியே ஒரு கட்டுரையா என்று தோன்றக்கூடும். நாம் எழுத எடுத்துக்கொண்டது பணத்தைப் பற்றி அன்று. பணத்தைச் சுமந்து கடல் கடந்த ஒரு காகிதத்தைப் பற்றியாகும். 'போஸ்டல் ஆர்டர்' என்றும் 'அஞ்சல் ஆணை' என்றும் வழங்கப்படும் அச்சீட்டை, தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் வந்த பிறகு, பத்து ரூபாய் மனுக் கட்டணத்திற்காக வாங்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. வேலைக்கான விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பியவர்களும் உண்டு. அதற்கு மேல் அதைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் இதே வகைச் சீட்டு, பிரித்தானியப் பேரரசின் கொடி பறந்த ஏறத்தாழ எல்லாச் சீமைகளிலும் ஒரு காலத்தில் புழங்கியது. இன்று அவற்றைத் தேடித் தேடிச் சேகரிப்போர் பல நாடுகளில் இருக்கிறார்கள். சபுராளிகளின் ஊர் எனப் பெயர் பெற்ற நம் போன்ற ஊர்களில், பழைய டிரங்குப் பெட்டிகளின் அடியில் அவை இன்னும் கிடக்கின்றன என்பதே இதை எழுதத் தூண்டிய காரணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மணியார்டர் வேறு, போஸ்டல் ஆர்டர் வேறு. மணியார்டரில், அனுப்புபவர் பணத்தை அஞ்சலகத்தில் கட்டிவிடுகிறார். தபால்காரர் பெறுபவரின் வாசலுக்கே வந்து பணத்தை எண்ணிக் கொடுத்துக் கையொப்பமோ கைநாட்டோ வாங்கிச் செல்கிறார். போஸ்டல் ஆர்டரோ, தொகை அச்சிடப்பட்ட ஒரு சீட்டு. அதை விலைக்கு வாங்கி, பெறுபவர் பெயரை எழுதி, அடிச்சீட்டைத் தம்மிடம் கிழித்து வைத்துக்கொண்டு, மீதியைக் கடித உறைக்குள் வைத்து அனுப்புபவரே அனுப்ப வேண்டும். பெறுபவர் அஞ்சலகத்திற்குச் சென்று மாற்றிக்கொள்ள வேண்டும். இலங்கைத் தமிழர்கள் மணியார்டரைக் 'காசுக்கட்டளை' என்பார்கள். மலேசியாவில் போஸ்டல் ஆர்டருக்கு 'வாங் போஸ்' என்று பெயர்.

இவ்விரண்டும் வருவதற்கு முன் கடல் கடந்து பணம் அனுப்ப இருந்த வழி உண்டியல். உண்டியல் என்றதும் இன்று பள்ளிவாசல் வாயிலில் இருக்கும் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. நம் பாட்டனார் காலத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. பினாங்கில் ஒரு வணிகரிடம் பணத்தைக் கொடுத்தால், அவர் ஊரிலுள்ள தம் ஆளுக்குச் சீட்டு எழுதித் தருவார்; அதைக் காட்டி இங்கே பணம் பெற்றுக்கொள்ளலாம். அச்சீட்டே உண்டியல். அந்த ஏற்பாடு முழுவதும் நாணயத்தின் மேல் நின்றது. பெருந்தொகை அனுப்பும் கடைக்காரருக்கு அது பொருந்தியது. தேநீர்க் கடையில் தட்டுக் கழுவியவருக்கும், கப்பலில் மூட்டை தூக்கியவருக்கும், மாதம் இரண்டு மூன்று வெள்ளி மிச்சம் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அவர்களுடைய சிறுதொகைக்காக உண்டியல் எழுத எந்த வணிகர் நேரம் ஒதுக்குவார்? ஊருக்குத் திரும்பும் ஒருவர் கையில் கொடுத்து அனுப்புவதே அவர்களுக்கு இருந்த வழி. அப்படிக் கொடுத்தனுப்பிய பணம் வந்து சேர்ந்த கதைகளும் நம் ஊரில் உண்டு, சேராத கதைகளும் உண்டு.

பிரித்தானியாவிலும் இதே தொல்லைதான் இருந்தது. உறைக்குள் நாணயத்தை வைத்து அனுப்பினால் வழியில் களவு போயிற்று. அதைத் தடுக்க 1792இல் அஞ்சல் துறை அலுவலர்கள் சிலர் தம் சொந்தப் பொறுப்பில் மணியார்டரைத் தொடங்கினர். 1838இல் அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இந்தியாவில் கருவூலங்கள் நடத்திவந்த மணியார்டர் வேலை 1880 ஜனவரி 1 அன்று அஞ்சல் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் மணியார்டரில் எழுத்து வேலை அதிகம். ஒவ்வொன்றிற்கும் தனி அறிவிப்பு, தனிப் பதிவு. ஒரு ஷில்லிங் அனுப்புவதற்கும் இருபது ஷில்லிங் அனுப்புவதற்கும் அலுவலர் பட்டபாடு ஒன்றே. ஆகவே சிறுதொகைகளில் அஞ்சல் துறைக்கு நட்டமே மிஞ்சியது. இதைக் கண்ட ஜார்ஜ் செட்விண்ட் என்னும் அஞ்சல் துறைக் கணக்கு அதிகாரி, தொகையை முன்னரே அச்சிட்ட சீட்டுகளை விற்கலாம் என்று 1870களில் யோசனை கூறினார். 1881 ஜனவரி 1 அன்று அவ்வகைச் சீட்டுகள் விற்பனைக்கு வந்தன. 1 ஷில்லிங் முதல் 20 ஷில்லிங் வரை பத்து வகை இருந்தன. கட்டணம், சிறிய சீட்டுக்கு அரைப் பென்னி. மிகப் பெரியதற்கு இரண்டு பென்ஸ். பின்னாளில் 21 ஷில்லிங் சீட்டும் வந்தது. 21 ஷில்லிங் என்பது ஒரு கினி; மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் கட்டணம் கினிக் கணக்கில் இருந்த காலம் அது.

அவ்வமயம் பிரித்தானியாவின் தலைமை அஞ்சல் அமைச்சராக இருந்தவர் ஹென்றி ஃபாசெட். இவரைப் பற்றிச் சில வரிகள் கூடுதலாக எழுதினால் ஜமாஅத்தார்கள் பொறுத்தருள வேண்டும். இருபத்தைந்தாம் வயதில், 1858இல், வேட்டைக்குச் சென்றபோது தந்தையின் துப்பாக்கிக் குண்டு பட்டு இரு கண்களையும் இழந்தவர் இவர். அதன் பின்னும் கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியரானார், நாடாளுமன்ற உறுப்பினரானார். இந்தியாவின் வரிப்பணம் எவ்வாறு செலவிடப்படுகிறது என்று ஓயாது கேள்வி எழுப்பியமையால் 'இந்தியாவுக்கான உறுப்பினர்' என்றே அவரை அழைத்தார்கள். 1867இல் துருக்கி சுல்தான் அப்துல் அஜீஸ் லண்டனுக்கு வருகை தந்தபோது, இந்திய அலுவலகத்தில் அவருக்கு ஆடம்பரமான விருந்து நடந்தது. அச்செலவை இந்திய மக்களின் வரிப்பணத்தில் எழுதினார்கள். இதைக் கண்டித்துப் பேசியவர் ஃபாசெட். விருந்தாளி முஸ்லிம் உலகின் கலீஃபா. விருந்து கொடுத்தவர்கள் ஆங்கிலேயர். பணம் கொடுத்தவர்களோ பஞ்சத்தில் கிடந்த நம் நாட்டு உழவர்கள். ஒரிஸ்ஸாப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தது அதற்கு முந்தைய ஆண்டான 1866இல்தான். அந்த விருந்தின் கணக்கைக் கேட்ட மனிதர், சிறுதொகைக்காரரின் சீட்டை அறிமுகப்படுத்தும் பொறுப்பிலும் இருந்தார் என்பது நமக்கு வியப்பாக இல்லை.

பிரித்தானியச் சீட்டு காலப்போக்கில் பேரரசின் பல பகுதிகளிலும் விற்கப்பட்டது. ஜோர்டான், எகிப்து, தாய்லாந்து போன்ற நாடுகளிலும் அது செல்லுபடியாயிற்று. கனடா 1898இல் தனக்கெனத் தனிச் சீட்டுகளை வெளியிட்டது. நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா பகுதியை எடுத்துக்கொண்டால், கணக்கு இவ்வாறு அமைந்தது: 1906இல் அங்குள்ள வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என உறுதி செய்யப்பட்டது. ஆகவே 20 ஷில்லிங் சீட்டு ஒன்றின் விலை, கட்டணம் நீங்கலாக, ஏறத்தாழ 8 வெள்ளி 57 காசு. அதே சீட்டு இந்தியாவில், ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸாக இருந்த காலத்தில் 15 ரூபாய்க்குச் சமம். 1927இல் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஆக்கிய பிறகு அதுவே 13 ரூபாய் 5 அணா 4 பையாகக் குறைந்தது. அதாவது, அக்கரையில் வியர்வை சிந்திய மனிதர் அதே எட்டரை வெள்ளியைக் கட்டியும், இக்கரையில் அவர் குடும்பத்திற்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் குறைவாகக் கிடைத்தது. லண்டனிலும் டில்லியிலும் செய்த முடிவு, ஒரு சிற்றூர்ப் பெண்ணின் அடுப்பங்கரை வரை வந்து சேர்ந்த விதம் இது.

இவ்விடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நம் முன்னோர்கள் குடும்பச் செலவுக்கு அனுப்பிய பணத்தில் பெரும்பகுதி உண்டியலிலும் மணியார்டரிலும்தான் வந்தது. பழைய காகிதம் எதைக் கண்டாலும் அதைப் போஸ்டல் ஆர்டர் என்று கூறிப் பெருமைப்படுவது வரலாறு ஆகாது. வெளியே செல்லும் வழக்கமில்லாத, அரபுத்தமிழில் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த நம் தாய்மார்களுக்கு, அஞ்சலகம் சென்று மாற்ற வேண்டிய சீட்டைவிட வாசலுக்கு வரும் பணமே வசதியாக இருந்திருக்கும். போஸ்டல் ஆர்டரின் வேலை வேறு வகையானது. லண்டனிலிருந்து நூல் வரவழைப்பதற்கும், தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கும், பத்திரிகைச் சந்தாவிற்கும், விலைப்பட்டியலைப் பார்த்துக் கைக்கடிகாரமோ மருந்தோ தருவிப்பதற்கும், பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குச் சிறுதொகை அனுப்புவதற்கும், பள்ளிவாசல், மதரஸா ஆகியவற்றிற்கு நன்கொடை அனுப்புவதற்கும் அது பயன்பட்டது. சில்லறையைச் சரிக்கட்ட, சீட்டின் மேலேயே தபால்தலைகளை ஒட்டிச் சில பென்ஸ்களைக் கூட்டிக்கொள்ளும் வசதியும் இருந்தது. தபால்தலை ஒட்டிய சீட்டு கிடைத்தால் சேகரிப்போர் மிகவும் மகிழ்வார்கள்.

பணம் அனுப்புவதற்குக் கட்டணம் வாங்குவது குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிகழ்ந்த விவாதத்தையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஓரிடத்தில் பணத்தைக் கொடுத்து வேறோரிடத்தில் பெறும் முறைக்கு ஃபிக்ஹு நூல்களில் 'ஸுஃப்தஜா' என்று பெயர். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடம் திர்ஹங்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கிலிருந்த தம் சகோதரர் முஸ்அபுக்கு எழுதிக் கொடுப்பார்கள் என்றும், அது குறித்துக் கேட்கப்பட்டபோது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அதில் குற்றம் காணவில்லை என்றும் அறிவிப்பு உண்டு. ஆயினும் கடன் கொடுத்தவர் வழித்துணை அச்சத்திலிருந்து தப்பும் ஆதாயத்தை நிபந்தனையாக்கினால், அது ஆதாயம் தரும் கடன் ஆகிவிடும் என்று ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் தயங்கினர். அஞ்சல் துறையின் மணியார்டர் வந்தபோது இந்தப் பழைய கேள்வி புது உருவில் எழுந்தது. நாம் கட்டிய அதே நாணயம் அங்கே போய்ச் சேருவதில்லை, ஆகவே அது அமானிதம் அன்று, கடன், கடனுக்கு மேல் ஒரு கட்டணமும் கொடுக்கிறோம், இது கூடுமா? தேவ்பந்தின் மூத்த அறிஞரான மௌலானா ரஷீத் அஹ்மத் கங்கோஹி (ரஹ்) அவர்கள் கூடாது என்றே ஃபத்வா வழங்கினார்கள். பின்னர் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், மக்கள் அனைவரும் இதில் ஈடுபட நேர்ந்துவிட்டதைக் கருத்திற்கொண்டு, தொகையைக் கடனாகவும் கட்டணத்தைப் படிவம் எழுதுதல், கொண்டு சேர்த்தல் ஆகிய வேலைகளுக்கான கூலியாகவும் பிரித்துப் பார்த்து அனுமதிக்கு வழி கண்டார்கள்.

நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில், இது வெறும் ஏட்டு விவாதமாகவே தோன்றும். ஆனால் தம் கணவர் அனுப்பிய பத்து ரூபாயை வாங்கலாமா கூடாதா என்ற கேள்வி, அந்தப் பத்து ரூபாயைத் தவிர வேறு வருமானம் இல்லாத ஒரு வீட்டில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். போஸ்டல் ஆர்டரைப் பொறுத்தவரை, சீட்டை அச்சிடுவதும் கணக்கு வைப்பதும் அஞ்சல் துறையின் வேலையாக இருப்பதால், கட்டணத்தைக் கூலி என்று கொள்வது இன்னும் எளிது என்பதே நம் கருத்து. தொகை எவ்வளவு நாள் கழித்து மாற்றப்படுகிறது என்பதைப் பொறுத்து வாங்குபவரின் கட்டணம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அது வட்டியின் இயல்பு அன்று.

உலகப் போர்கள் இச்சீட்டின் நிலையை இருமுறை மாற்றின. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் பிரித்தானியாவில் தங்க நாணயம் புழக்கத்திலிருந்து மறையத் தொடங்கியது. புதிய நோட்டுகளை அச்சிடக் கால அவகாசம் இல்லை. ஆகவே போஸ்டல் ஆர்டரையே பணமாக ஏற்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். சில மாதங்கள் அச்சீட்டு கடைத்தெருவில் நோட்டுப் போலவே கைமாறியது. 1939இல் மீண்டும் அவ்வாறே சிறிது காலம் நடந்தது. இரண்டாம் போர் நம் ஊர்களுக்குக் கொணர்ந்தது வேறு வகைத் துன்பம். 1941 டிசம்பரில் பினாங்கும், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. கொழும்பிலிருந்து கடிதமும் பணமும் வந்துகொண்டிருந்தன. மலாயாவிலிருந்து மூன்றரை ஆண்டுகள் எதுவுமே வரவில்லை. ஒரே தெருவில், கொழும்புச் சபுராளியின் வீட்டில் அடுப்பு எரிந்ததையும், பினாங்குச் சபுராளியின் வீட்டில் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போனதையும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தம் கணவர் உயிரோடிருக்கிறாரா என்பதைக்கூட அறியாமல், இத்தா இருப்பதா காத்திருப்பதா என்று அன்றைய ஆலிம்களிடம் கேட்டு வந்த பெண்கள் இருந்தார்கள். 1945 செப்டம்பரில் பிரித்தானியர் மீண்டும் வந்த பிறகே கடிதப் போக்குவரத்து மெல்ல உயிர்பெற்றது. அக்காலத்தை ஒட்டிய மலாயாக் காகிதம் எதுவாயினும் அது அரியது என்று சேகரிப்போர் சொல்வதன் பின்னணி இதுதான்.

ஐந்து ஷில்லிங் சீட்டு ஒன்று நாடாளுமன்றம் வரை சென்ற வரலாறும் உண்டு. 1908 அக்டோபரில் பிரித்தானியாவின் ஆஸ்போர்ன் கடற்படைப் பள்ளியில் ஒரு மாணவருக்கு வந்த ஐந்து ஷில்லிங் போஸ்டல் ஆர்டர் திருடப்பட்டு, பள்ளியின் அஞ்சலகத்தில் மாற்றப்பட்டது. ஜார்ஜ் ஆர்ச்சர்-ஷீ என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன் மேல் பழி விழுந்தது. அவன் அன்று அதே அஞ்சலகத்தில் தன் தேவைக்காக வேறொரு போஸ்டல் ஆர்டர் வாங்கியிருந்தான். வாங்கியவனும் மாற்றியவனும் ஒருவனே என்று அங்கிருந்த பெண் அலுவலர் கூறினார். சீட்டிலிருந்த கையொப்பம் அவனுடைய கையெழுத்தே என்று நிபுணர் ஒருவர் சான்று அளித்தார். சிறுவன் வெளியேற்றப்பட்டான். அவனுடைய தந்தை மகனின் சொல்லை நம்பி வழக்காடினார். எட்வர்ட் கார்சன் என்னும் பெயர்பெற்ற வழக்கறிஞர் வாதாடினார். 1910இல் சிறுவன் குற்றமற்றவன் என்பதை அரசுத் தரப்பு ஏற்றுக்கொண்டது. 1911இல் இழப்பீடும் கிடைத்தது. அவனோ 1914இல், முதல் உலகப் போரில், பத்தொன்பது வயதில் களத்தில் மாண்டான். இதை வைத்து டெரன்ஸ் ராட்டிகன் 1946இல் எழுதிய நாடகம் புகழ்பெற்றது. போஸ்டல் ஆர்டரின் பலவீனத்தை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. உறை கைமாறினால் பணமும் கைமாறிவிடும். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிவது ஒரு முகமும் ஒரு கையொப்பமும் மட்டுமே.

இனிச் சேகரிப்பு. தபால்தலை சேகரிப்போரும் நாணயம் சேகரிப்போரும் எண்ணற்றோர். போஸ்டல் ஆர்டர் சேகரிப்போர் மிகச் சிலரே. பிரித்தானியாவில் இதற்கெனப் போஸ்டல் ஆர்டர் சொசைட்டி என்ற சங்கம் 1985இல் தொடங்கப்பட்டது. தபால்தலை கடித உறையோடு வீட்டிலேயே தங்கிவிடுகிறது. நாணயம் உருக்கப்படும் வரை உலவுகிறது. போஸ்டல் ஆர்டரோ, மாற்றியவுடன் அஞ்சலகத்திற்குத் திரும்பிவிடும். கணக்குச் சரிபார்த்த பின் அழிக்கப்படும். அது தன் வேலையைச் சரியாகச் செய்து முடித்தால் உலகில் எஞ்சாது. எஞ்சியவை பெரும்பாலும் மாற்றப்படாதவை. உறைக்குள் மறந்துபோனவை, நூலுக்குள் வைத்துத் தொலைந்தவை, பெயர் தவறியதால் திருப்பி அனுப்பப்பட்டவை, பெறுபவர் இறந்துவிட்டதால் கிடந்தவை, நினைவுக்காக வைத்துக்கொள்ளப்பட்டவை. கையில் ஒரு பழைய சீட்டை எடுத்ததும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இது எந்த நாட்டது என்பதன்று. இது ஏன் மாற்றப்படவில்லை என்பதே.

அடுத்துப் பார்க்க வேண்டியது முத்திரை. பிரித்தானியச் சீட்டுகள் பல நாடுகளிலும் விற்கப்பட்டதால், ஊரைக் காட்டிக் கொடுப்பது விற்ற அஞ்சலகத்தின் தேதி முத்திரையே. சில பகுதிகளுக்கான சீட்டுகளில் நாட்டின் பெயரும் உள்ளூர்ப் பண மதிப்பும் மேலச்சாக இருக்கும். மேலச்சு என்பதற்கு வளைகுடாவில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்குப் பழகிய உதாரணம் ஒன்று சொல்லலாம். துபையில் 1909இல் திறக்கப்பட்ட அஞ்சலகம் இந்திய அஞ்சல் துறையுடையது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் சில மாதங்கள் பாகிஸ்தான் நடத்த, 1948 ஏப்ரலில் பிரித்தானிய அஞ்சல் துறை ஏற்றது. அப்போது அரசரின் உருவம் கொண்ட பிரித்தானியத் தபால்தலைகளின் மேல் அணா, ரூபாய் என்று அச்சிட்டு அங்கே விற்றார்கள். சீட்டிலும் அதே முறைதான். பர்மாவும் ஏடனும் 1937 ஏப்ரல் 1 வரை இந்திய நிருவாகத்தில் இருந்தமையால், அதற்கு முந்தைய ரங்கூன், ஏடன் காகிதங்களை இந்தியக் கணக்கிலேயே பார்க்க வேண்டும். மன்னர் யார், கட்டணம் எவ்வளவு, வரிசை எண், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீரெழுத்து, அடிச்சீட்டு ஒட்டியிருக்கிறதா என்பன அதன் பின் கவனிக்கத்தக்கவை. அடிச்சீட்டோடு கிடைப்பது அபூர்வம். அப்படியானால் வாங்கியவர் அனுப்பவே இல்லை என்று பொருள்.

நம் ஜமாஅத் அலுவலகத்தின் பழைய அலமாரியை ஒழித்தபோது கிடைத்த ஒரு சீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து ஷில்லிங் மதிப்புள்ள பிரித்தானியச் சீட்டு அது. பினாங்கில் 1938இல் விற்கப்பட்டதற்கான முத்திரை தெளிவாக இருக்கிறது. அன்றைய முத்தவல்லியின் பெயருக்கு எழுதப்பட்டுள்ளது. உடன் இருந்த கடிதத்தில், இருபத்தேழாம் கிழமை இரவில் பள்ளியில் விளக்கெரிக்க எண்ணெய்க்காக என்று குறிப்பிட்டிருக்கிறது. பழைய தஃப்தரைப் பார்த்ததில், கடிதம் வந்த நேரத்தில் அந்த முத்தவல்லி மர்ஹூமாகிவிட்டார் என்று தெரிகிறது. அவர் பெயருக்கு எழுதிய சீட்டை வேறொருவர் மாற்ற இயலாமல் அப்படியே வைத்துவிட்டார்கள் போலும். அன்றைய மதிப்பில் அது 6 ரூபாய் 10 அணா 8 பை. அனுப்பியவருக்குப் பினாங்கில் நான்கு வெள்ளிக்கு மேல் செலவாகியிருக்கும்.

சீட்டைக் கண்ட பழம்பொருள் வணிகர் ஒருவர், அதன் முகமதிப்பைவிடப் பன்மடங்கு கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தார். கமிட்டியில் இரு கருத்துகள் எழுந்தன. விற்றுவிட்டால், எழுபது எண்பது ஆண்டுகளாக நிறைவேறாமல் கிடக்கும் அந்த மனிதரின் நிய்யத்தை இப்போதாவது நிறைவேற்றலாம் என்றனர் சிலர். ஊரின் வரலாற்றுக்கு எஞ்சிய ஒரே சான்றை விற்பதா என்றனர் வேறு சிலர். நம்மிடம் கேட்டார்கள். கொடுத்தவர் கொடுத்தது விளக்கெண்ணெய்க்கான தொகையே தவிர, காட்சிப்பொருள் அன்று. ஆகவே விற்றால் அதன் விலை முழுவதும், பத்து ஷில்லிங்கிற்கு மேற்பட்ட ஆதாயம் உட்பட, அந்த இரவின் விளக்குச் செலவுக்கே சேர வேண்டும். பொதுக்கணக்கில் கலக்கக் கூடாது என்று கூறினோம். விற்காமல் வைத்திருக்க விரும்பினால், அவருடைய நோக்கம் காகிதமாகவே கிடக்க விடலாகாது. விரும்புவோர் தம் கையிலிருந்து அதற்கு ஈடான தொகையை அச்செலவுக்கு வழங்கிவிட்டுச் சீட்டைப் பாதுகாக்கலாம் என்றோம். ஜமாஅத்தார்களில் ஒருவர் முன்வந்து அவ்வாறே செய்தார். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சீட்டு இப்போது அலுவலகத்தில் இருக்கிறது. அனுப்பியவரின் வாரிசுகள் எவர் என்பது விசாரிக்கப்பட்டு வருகிறது. பினாங்கில் உறவுள்ளோர் செயலாளரிடம் பேசலாம்.

வீடு மாறும்போதும் சுண்ணாம்பு அடிக்கும்போதும் பழைய காகிதங்கள் கிலோக் கணக்கில் கடைக்குப் போகின்றன. மௌத்தானவர்களின் பெட்டியைப் பிரிக்கும்போது நகையையும் பத்திரத்தையும் எடுத்துவிட்டு மற்றதை எரித்துவிடுகிறார்கள். அவற்றில் போஸ்டல் ஆர்டர், மணியார்டர் ரசீது, உண்டியல் சீட்டு, அடிச்சீட்டு எதுவாயினும் ஒதுக்கி வையுங்கள். அதற்கு லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டில் மை கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோடேப் ஒட்டுவது அதனினும் கேடு. குண்டூசி குத்தியிருந்தால் துரு பரவுமுன் மெல்ல எடுத்துவிடலாம். நம் கடற்கரைக் காற்றின் ஈரம் காகிதத்திற்கு முதல் எதிரி. ஆகவே இரும்புப் பெட்டியில் அடைத்துத் தரையில் வைக்காமல், சுத்தமான வெள்ளைத்தாள் உறையில் மடிக்காமல் இட்டு உயரமான இடத்தில் வைக்க வேண்டும். அழுக்கைத் துடைக்கவோ, மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதவோ கூடாது. பழையது என்பதற்காக மட்டும் எல்லாவற்றிற்கும் பெருவிலை கிடைத்துவிடும் என்று எண்ணுவதற்கும் இல்லை. சாதாரணச் சீட்டுகளை வெகு சிலரே கேட்பார்கள். போலி மேலச்சிட்டு விற்போரும் இருப்பதால், வாங்க விரும்பும் இளைஞர்கள் அனுபவமுள்ளோரிடம் காட்டிய பின்பே வாங்குவது நலம்.

காட்ட விரும்புவோர் ஜுமுஆவுக்குப் பின் அலுவலகத்திற்குக் கொண்டு வரலாம். படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தரப்படும். வரும்போது சீட்டை மட்டும் தனியே பிரித்து எடுத்து வராமல், அது வந்த உறையையும் கடிதத்தையும் சேர்த்தே கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். உறையின் முத்திரையையும் சீட்டின் முத்திரையையும் ஒப்பிட்டால்தான் அது எந்த ஊரில் வாங்கப்பட்டு, எந்தக் கப்பல் நாளில் புறப்பட்டு, என்று இங்கே வந்து சேர்ந்தது என்பதைக் குறித்து வைக்க இயலும்.